சோற்றுக்கு நிபந்தனை இல்லை, சபைக்கு உண்டு: புலால் மறுத்த வள்ளலார்

தை பிறந்துவிட்டால் கிள்ளான் - பந்திங் சாலையோரத் தமிழ் வீடுகளில் சமையலறையே மாறிவிடும். தெலுக் பங்லிமா காராங்கிலும் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும், பத்துமலைக்குக் காவடி எடுக்க வேண்டிக்கொண்டவர் வீட்டில் ஒருவர் இருந்தாலே போதும். கறிச்சட்டி பரணில் ஏறும். ஐஸ்பெட்டியில் இருக்கும் கோழியும் மீனும் தீர்ந்த பிறகு புதிதாக வாங்கமாட்டார்கள். கருவாட்டு டின் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். விரதம் முடிந்த ஓரிரு நாளில் அதே அடுப்பில் மறுபடி கோழிக்கறி கொதிக்கும். பல தலைமுறைப் பழக்கம் இது. யாரும் இதில் குறை காண்பதில்லை.

அதே தைப்பூச நாளில், தமிழ்நாட்டில் கடலூருக்கு மேற்கே உள்ள வடலூரில் ஏழு திரைகள் ஒவ்வொன்றாக விலகி ஜோதி தெரியும். அதைக் காணப் பல்லாயிரம் பேர் கூடுவர். அந்தச் சபையைக் கட்டியவர் வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகளார். தலையோடு சேர்த்து உடல் முழுவதும் வெள்ளை ஆடை போர்த்திய அவருடைய படத்தை மலேசியாவில் கோயில்களிலும் அன்னதானப் பந்தல்களிலும் பார்க்கலாம். 48 நாள் என்றோ ஒரு மாதம் என்றோ அவர் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. புலால் மனிதனுக்கு உரிய உணவே அல்ல என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவர் அவர்.

இவ்வளவும் பலருக்குத் தெரியும். இன்னொன்று அவ்வளவாகத் தெரியாது. புலால் உண்பவர் பசியோடு வந்தால் அவருக்கும் சோறு போட வேண்டும் என்று எழுதி வைத்தவரும் இவரே. ஒரே மனிதர் இரண்டையும் எப்படிச் சொன்னார் என்பதை அறிய அவருடைய வாழ்க்கையைத்தான் பார்க்க வேண்டும்.

பின்வாசலில் சோறு உண்ட பிள்ளை

சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் 1823 அக்டோபர் 5-ஆம் நாள் இராமலிங்கம் பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர். பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக் கொடுத்தவர். தாயார் சின்னம்மை. ஐந்து பிள்ளைகளில் இவரே கடைசி. சிவனடியார் வந்தால் சோறிட்டு அனுப்பும் வீடு அது என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வர். சைவ ஒழுக்கத்தில் ஊறிய குடும்பம். ஆகவே ஒரு நாள் மனம் மாறிப் புலாலை விட்டார் என்ற கதை இவர் வாழ்வில் கிடையாது. அவருடைய வாழ்வில் அதற்கு முன்பே வந்தது பசி.

பிறந்து சில மாதங்களிலேயே தந்தை இறந்துபோனார். தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பொன்னேரிப் பக்கம் சின்னக்காவணத்துக்குப் போனார். பிறகு குடும்பம் சென்னை ஏழுகிணறு வட்டாரத்தில் குடியேறியது. மூத்த அண்ணன் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து அந்த வருமானத்தில் வீட்டைத் தாங்கினார். தம்பியும் படித்துத் தொழிலுக்கு வர வேண்டும் என்பது அவர் எண்ணம். தம்பியோ பள்ளிக்குப் போகாமல் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியில் பாடிக்கொண்டிருந்தான்.

கோபம் கொண்ட அண்ணன் தம்பிக்கு வீட்டில் சோறு போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணியாருக்கு மனம் கேட்கவில்லை. கணவர் வெளியே போன நேரத்தில் பின்வாசல் வழியாகச் சிறுவனை அழைத்து உணவிட்டார். மாமனார் திதி வந்தது. ஊரார் எல்லாரும் பந்தியில் உண்டு போன பிறகு, அந்த வீட்டுப் பிள்ளை திருடனைப் போலப் பின்வாசலில் வந்து நின்றான். அண்ணியார் அழுதுவிட்டார். அதன் பிறகே படிக்கச் சம்மதித்து, மாடியறை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது மரபாகச் சொல்லப்படும் கதை. அந்த அறையில் கண்ணாடிக்கு முன் விளக்கேற்றி அமர்ந்திருந்தபோது திருத்தணி முருகன் அவருக்குக் காட்சி தந்ததாகவும் சொல்வார்கள்.

பின்னாளில் அவருடைய பேச்செல்லாம் பசியைச் சுற்றியே இருந்ததற்குக் காரணம் தேடுவோர் அந்தப் பின்வாசலைக் கடந்து போய்விட முடியாது.

பன்றி இறைச்சி படைத்த அடியாரும் அவரைப் போற்றியவரும்

அண்ணனுக்கு உடல்நலம் இல்லாத ஒரு நாளில் தம்பி அவருக்குப் பதிலாகப் பெரிய புராணம் சொல்லப் போனார். ஞானசம்பந்தர் வரலாற்றை அவர் சொல்லக் கேட்டவர்கள் வியந்தார்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளை அதற்குப் பிறகு சென்னையில் புகழ் பெற்றார். 1850-இல், 27 வயதில், வீட்டார் வற்புறுத்தலுக்காகத் தமக்கை மகளை மணந்துகொண்டார். இல்லறத்தில் அவர் மனம் ஒட்டவில்லை. 1851-இல் ஒழிவிலொடுக்கம் என்ற பழைய நூலைப் பதிப்பித்தார். 1854-இல் மனுமுறை கண்ட வாசகம் வெளிவந்தது. பசுங்கன்று ஒன்று தேரில் சிக்கி இறந்ததற்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் கதை அது. ஓர் உயிரின் விலை என்ன என்ற கேள்வி அப்போதே அவர் எழுத்துக்குள் வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு முடிச்சு உண்டு. பெரிய புராணத்தில் புலால் இல்லாமல் இல்லை. காளத்தி மலையில் கண்ணப்பர் காட்டுப் பன்றியை வேட்டையாடி, இறைச்சியைப் பக்குவமாகச் சுட்டு, வாயில் மென்று பதம் பார்த்து இறைவனுக்குப் படைத்தார். சைவர்கள் நெஞ்சுருகிச் சொல்லும் வரலாறு அது. வள்ளலாரும் தம் பாடல்களில் கண்ணப்பரைப் போற்றியவர்தான். அன்பின் அளவைப் பார்த்தார், படைத்த பொருளைப் பார்க்கவில்லை என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். ஆனால் அவருடைய பிற்காலப் போக்கைப் பார்த்தால், புராணத்தை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்துவிடவில்லை என்பது தெரியும். பழைய நூல்களையும் சமயப் பற்றையும் தாண்டிப் போக வேண்டும் என்று கடைசிக் காலத்தில் வெளிப்படையாகவே பேசினார். புலால் பற்றிய அவர் கருத்தும் அந்தப் பயணத்தில் கூர்மையானதுதான்.

அவர் சென்னையில் வாழ்ந்த அதே காலத்தில், 1847-இல், இங்கிலாந்தில் சைவ உணவுச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. அந்த நாட்டில் உடல்நலம், சிக்கனம், கிறித்துவ ஒழுக்கம் எனப் பல காரணங்களுக்காகப் புலாலை விட்டார்கள். வள்ளலாரின் காரணம் வேறு. இறைச்சி உடம்புக்குக் கெடுதல் என்பதை அவர் முதலில் வைக்கவில்லை. இறைச்சிக்குப் பின்னால் துடித்த ஒரு உடம்பு இருக்கிறது என்பதையே முதலில் வைத்தார்.

பலிக்கு நடந்த ஆடுகள்

சென்னையின் இரைச்சல் பிடிக்காமல் 1850-களின் கடைசியில் அந்நகரை விட்டார். சிதம்பரம் வட்டாரத்துக்குத் திரும்பி, வடலூருக்குப் பக்கத்திலுள்ள கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். எண்ணெய் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றியும் விளக்கு எரிந்தது என்ற கதை பிறந்தது அந்த வீட்டில்தான். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். ஆறாம் திருமுறையில் சேர்ந்திருக்கும் பாடல்களில் பல இந்தக் காலத்துக்கும் இதற்குப் பிந்தைய காலத்துக்கும் உரியவை.

அவற்றுள் நீண்ட விண்ணப்பம் ஒன்று உண்டு. அதில் இறைவனிடம் தம் மனத்தின் வேதனைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார். ஒருவர் பிற உயிரைக் கொல்லத் தொடங்குவதைக் கண்டால் அஞ்சியதையும், கண்ணெதிரே ஓர் உயிர் பதைத்தால் தாமும் பதைத்ததையும் சொல்கிறார். வலையையும் தூண்டிலையும் கண்ணியையும் வெறுமனே பார்த்தால்கூட உள்ளம் நடுங்கியது என்கிறார். கேரித் தீவுக்குப் போகும் பாலத்தின் பக்கம் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது மிகையாகத் தோன்றலாம். அவருக்கு அது மிகையாகத் தோன்றவில்லை.

அதே விண்ணப்பத்தில் சிறு தெய்வக் கோயில்களின் பலியும் வருகிறது. ஆடு, பன்றி, சேவல், எருமைக் கடா ஆகியவற்றை அலங்கரித்து, மேளதாளத்தோடு பலிக்கு அழைத்துப் போவதைப் பார்த்து மனம் நொந்ததாகச் சொல்கிறார். அந்தக் கோயில்களைக் கண்டாலே அச்சம் வந்தது என்கிறார்.

தோட்டத்துத் தமிழருக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. ரப்பர்க் காலத்திலிருந்தே தோட்டந்தோறும் முனியாண்டியும் மதுரை வீரனும் காளியம்மனும் எல்லையில் நிற்கிறார்கள். திருவிழாவில் ஆடு வெட்டி, சேவல் அறுத்து, லயத்துக்கெல்லாம் கறி பங்கு போட்ட நினைவு முதியவர்களிடம் இன்றும் உண்டு. அவர்களுக்கு அது கொடுமையாகத் தெரிந்ததில்லை. சம்பள நாளையும் பண்டிகையையும் விட்டால் இறைச்சியைக் காணாத வாழ்க்கை அது. மற்ற நாளெல்லாம் சோறும் கீரையும் கருவாடும்தான். அந்த ஒரு நாள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து வயிறார உண்டார்கள். வள்ளலார் இந்தப் பக்கத்தை அறியாதவர் என்று சொல்வதற்கில்லை. ஏழைகள் நடுவில், பஞ்சம் பார்த்த மண்ணில் வாழ்ந்தவர் அவர். அப்படி இருந்தும் ஆட்டின் பக்கமே நின்றார். இதனால்தான் அவரோடு உடன்படாதவர்கூட அவரைத் தள்ளிவிட முடிவதில்லை.

இரண்டு துன்பங்கள்

1865-இல் சன்மார்க்க சங்கத்தை ஏற்படுத்தினார். 1866-இல் ஒரிசாவையும், அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியான கஞ்சம் பகுதியையும் பெரும் பஞ்சம் தாக்கியது. 1867-இல் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளை அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் அச்சிட்டு வெளியிட்டார். அதே ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை திறக்கப்பட்டது. பார்வதிபுரம் என்று அழைக்கப்பட்ட அந்த ஊர் மக்கள் 80 காணி நிலத்தை இதற்காகக் கொடுத்தார்கள்.

தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அங்கே இருக்கிறது. 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். வள்ளலார் மூட்டிய நெருப்பு இதுவரை அணையவில்லை என்பர். அணையா அடுப்பு என்பதே அதன் பெயர். ஒரு நாள் அரிசி தீர்ந்துபோனதாம். மறுநாள் வந்து சேரும், கவலை வேண்டாம் என்று அவர் சொல்ல, யாரோ ஒருவர் வண்டி வண்டியாக அரிசி கொண்டுவந்து இறக்கினாராம். தருமச்சாலையைப் பற்றி இப்படிப் பல கதைகள் உண்டு. கதைகளை நம்பினாலும் நம்பாவிட்டாலும், 150 ஆண்டுகளுக்கு மேலாக ஓர் அடுப்பில் விறகு போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும் உண்மை.

அந்தச் சாலையின் சட்டப் புத்தகம் என்று சொல்லத்தக்கது அவருடைய ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூல். நோய், ஆசை, வறுமை, அச்சம் என உயிர்களுக்கு வரும் துன்பங்களை அதில் பட்டியல் போடுகிறார். அவற்றுள் இரண்டைத் தனியே எடுத்து வைக்கிறார். ஒன்று பசி, மற்றொன்று கொலை. இந்த இரண்டையும் நீக்குவதே கருணையின் முதல் வேலை, மற்றவை அடுத்த படி என்கிறார்.

புலால் பற்றிய அவருடைய வாதம் முழுவதும் இங்கேதான் முளைக்கிறது. பசியும் கொலையும் ஒரே தட்டில் வைக்கப்பட்ட இரண்டு துன்பங்கள் என்றால், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தீர்க்க முடியாது. ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியை ஆற்றுவது கருணைக் கணக்கில் சேராது. பசித்தவர் எதிரே நின்றாலும் ஆட்டை அறுத்துச் சோறு போட்டால் ஒரு துன்பம் போய் இன்னொரு துன்பம் வந்ததாகத்தான் அர்த்தம். திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். வள்ளலார் அந்த இரண்டோடு பசியையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டார்.

இன்றைக்கும் எந்தப் பந்தியிலும் எழும் ஒரு கேள்வியை அவரே அந்நூலில் எழுப்பிக்கொள்கிறார். செடிக்கும் உயிர் இருக்கிறதே, கத்தரிக்காயைப் பறிப்பது மட்டும் பாவமில்லையா? மரம், புல், நெல் எல்லாம் உயிர்தாம் என்று ஒப்புக்கொண்டுதான் பதிலைத் தொடங்குகிறார். ஆனால் அவை ஓரறிவு உயிர்கள். அவற்றுக்கு மனம் முதலிய கருவிகள் இல்லாததால் நம்மைப் போல அவை வேதனைப்படுவதில்லை. வித்தும் காயும் கனியும் கீரையும் எடுப்பது உடம்பிலிருந்து நகத்தையும் முடியையும் எடுப்பது போன்றது. மரம் அங்கேயே நிற்கிறது. ஆட்டின் தொடைக்கறியை அப்படி எடுக்க முடியாது. இந்தப் பதில் முழுமையானதா என்று இன்றைய தாவர அறிவியல் படித்தவர் வாதிடலாம். கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அகவினத்தார், புறவினத்தார்

அவர் மனிதரை இரண்டாகப் பிரித்தார். கொலையையும் புலாலையும் விட்டவர் அகவினத்தார். விடாதவர் புறவினத்தார். புறவினத்தாருக்குப் பசியை மட்டும் தீர்த்து வைக்கலாம், நெருங்கிய பழக்கமோ நட்போ வேண்டாம் என்று ஒரு பாடலில் கண்டிப்பாகவே சொல்கிறார். இறந்தவரை எழுப்பும் அளவுக்கு வல்லமை பெற்றவர் ஆனாலும், உயிர்க்கு இரங்காமல் புலால் உண்பவரை ஞானி என்று ஏற்கமாட்டேன் என்று தம் குருவின் மேல் ஆணையிட்டுச் சொன்னவரும் அவரே.

கடுமையான சொல்தான். அந்தக் கணக்குப்படி பார்த்தால் மலேசியத் தமிழரில் பெரும்பாலோர் புறவினத்தாரே. அவர் படத்துக்கு மாலை போடும் வீடுகளில்கூடப் பல அந்தப் பக்கம்தான் நிற்கும். இதை மென்மையாக்கிச் சொல்லிப் பயனில்லை.

ஆனால் அந்தக் கோட்டை அவர் எங்கே போட்டார் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் காலத்தில் புலால் உண்பதும் உண்ணாததும் சாதியின் அடையாளமாக இருந்தது. புலால் உண்பவன் தாழ்ந்தவன், தொடக்கூடாதவன் என்று சொல்லி ஊருக்கு வெளியே வைத்தார்கள். புலை என்ற சொல்லே ஒரு கூட்டத்தாரை இழிவுபடுத்தும் பெயராகிப் போனது. கப்பலேறி மலாயாவுக்கு வந்த குடும்பங்களில் பலவற்றுக்கு அந்த அவமானம் ஏட்டில் படித்த செய்தி அல்ல. சத்திரத்தில் யாருக்கு முதல் பந்தி, யாருக்குத் திண்ணை, யாருக்குத் தெரு என்று பிறப்பைப் பார்த்துச் சோறு போட்ட காலம் அது. வள்ளலாரோ சாதியையும் சமயப் பிரிவையும் ஒதுக்கித் தள்ளினார். அவர் போட்ட கோட்டைப் பிறப்பால் ஒருவர் கடக்க முடியாது. மனம் வைத்தால் யாரும் இன்றே கடக்கலாம். உயர்ந்த குலத்தில் பிறந்தவர் கறி தின்றால் அவர் வெளியே. சேரியில் பிறந்தவர் விட்டுவிட்டால் அவர் உறவினர். சைவச் சாப்பாட்டை வைத்துச் சாதிப் பெருமை பேசுகிறவர்களுக்கு வள்ளலார் துணைக்கு வரமாட்டார்.

பசி என்று வரும்போது அந்தக் கோடும் அழிந்துவிடுகிறது. பசித்து வந்தவர் எந்த நாட்டார், எந்தச் சமயத்தார், எந்தச் சாதியார், என்ன செய்கை உடையவர் என்று விசாரிக்கக்கூடாது என்கிறார். பசியை நெருப்பு என்கிறார், நச்சுக் காற்று என்கிறார், ஏழையின் உயிர் மேல் பாயும் புலி என்கிறார். வீடு எரியும்போது உள்ளே இருப்பவர் என்ன சாப்பிட்டார் என்று யாரும் கேட்பதில்லை. தருமச்சாலைப் பந்தியில் அமர்ந்தவருக்குப் புலால் கிடைக்காது, அவ்வளவுதான். புலால் உண்பவர் என்பதற்காகச் சோறு மறுக்கப்படாது.

மூன்று கீரைகள்

சன்மார்க்கத்தாருக்காக அவர் வகுத்த அன்றாட ஒழுக்க விதிகளில் உணவுக்குப் பெரிய இடம் உண்டு. புலால் எந்த வகையிலும் கூடாது என்பது அதில் மாறாத விதி. மற்றவை கிராமத்துச் சமையலறைக்கு எட்டக்கூடியவை. கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை மூன்றையும் பெரிதும் போற்றினார். கிழங்குகளில் கருணைக்கிழங்கைத் தவிர மற்றவை வேண்டாம் என்றார். புளி, உப்பு, மிளகாயைக் குறைக்கச் சொன்னார். நீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். காலரா ஊர் ஊராகப் பரவிய அந்த நூற்றாண்டில் கடைசி விதி எத்தனை உயிர்களைக் காக்கக்கூடியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவரோ மிகக் குறைவாகவே உண்டார். கூட இருந்தவர்கள் அதைக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

தூதுவளையும் கரிசலாங்கண்ணியும் தோட்டத்து வேலியோரத்தில் வளர்ந்தவைதாம். பாட்டிமார் சளிக்குத் தூதுவளை ரசம் வைத்ததற்கும் வடலூருக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே மண்ணின் பழக்கம்.

வாசலில் ஒரு நிபந்தனை

1872 ஜனவரி 25, தைப்பூசம். தருமச்சாலைக்கு அருகில், எண்கோண வடிவில் எழுந்த சத்திய ஞானசபையில் முதல் வழிபாடு நடந்தது. அங்கே சிலை இல்லை. விளக்கும் கண்ணாடியும் ஏழு நிறத்தில் ஏழு திரைகளும்தான். வழிபாட்டு வேலைகளை 12 வயதுக்கு உட்பட்ட சிறுவரோ 72 வயதுக்கு மேற்பட்ட முதியவரோ செய்ய வேண்டும் என்று விதித்தார். சபையின் வாசலில் ஒரு நிபந்தனை எழுதப்பட்டது. கொலையையும் புலாலையும் விட்டவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்பது அதன் கருத்து.

சாலையில் யாரையும் கேள்வி கேட்கக்கூடாது. சபையில் கேள்வி கேட்டுத்தான் விட வேண்டும். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே சிறிது தூரம்தான். பசித்தவனிடம் ஒழுக்கம் பேசுவது கொடுமை என்று நினைத்தவர், வயிறு நிறைந்தவனிடம் அதைப் பேசாமல் விடுவதும் தவறு என்று நினைத்திருக்கிறார்.

இதற்கிடையே அருட்பா - மருட்பா பூசல் நடந்தது. இராமலிங்கரின் பாடல்களை அருட்பா என்று அழைக்கக்கூடாது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எதிர்த்தார். கண்டன நூல்கள் பறந்தன. 1869-இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. நாவலரும் புலாலை மறுத்த சைவர்தான். அந்தச் சண்டையில் உணவு ஒரு பொருளே அல்ல. வேறொரு கட்டுரைக்கு உரிய கதை அது.

கடைசி ஆண்டுகளில் வடலூருக்கு அருகிலுள்ள மேட்டுக்குப்பத்தில், சித்திவளாகம் என்று அவர் பெயரிட்ட சிறிய வீட்டில் தங்கினார். 1873 அக்டோபர் 22-ஆம் நாள் அங்கே சன்மார்க்கக் கொடியை ஏற்றி நீண்ட உரை நிகழ்த்தினார். 1874 ஜனவரி 30-ஆம் நாள் இரவு ஓர் அறைக்குள் சென்றார். கதவு வெளியே பூட்டப்பட்டது. பிறகு அதிகாரிகள் வந்து திறந்து பார்த்தபோது உள்ளே யாரும் இல்லை என்பது சன்மார்க்க மரபு. அவர் அறைக்குள் சென்று மறைந்த செய்தியை 1878-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கையேடும் குறிப்பிடுகிறது. அப்போது அவருக்கு வயது 50.

அவர் மறைந்து இரண்டே ஆண்டுகளில், 1876-இல், தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் சூழ்ந்தது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் இலட்சக்கணக்கில். பிழைத்தவர்களில் பலர் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். இலங்கைக்கும் பர்மாவுக்கும், நாகப்பட்டினம் வழியாக மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். அவர்களில் வடலூரைச் சுற்றியிருந்த தென்னார்க்காட்டு ஊர்க்காரர்களும் உண்டு. முதலில் கரும்பு, காப்பித் தோட்டங்கள், பிறகு ரப்பர், அதற்கும் பிறகு செம்பனை. அவர்களை விரட்டிய பசிக்கு எதிராகத்தான் வள்ளலார் அந்த 21 அடி அடுப்பைக் கட்டியிருந்தார். அவர் பெயரும் பாடல்களும் அவர்கள் பின்னாலேயே கடல் தாண்டி வந்தன. மலேசியாவில் சன்மார்க்க சங்கங்கள் தோன்றின. அவர் பெயரால் அன்னதானமும் நடந்து வருகிறது.

தமிழ்நாட்டில் இன்று வள்ளலார் நினைவு நாளன்று சென்னையில் இறைச்சிக் கடைகளையும் ஆட்டிறைச்சிக் கூடங்களையும் மூடும்படி மாநகராட்சி அறிவிக்கிறது. 2021-இல் அவருடைய பிறந்தநாளான அக்டோபர் 5-ஐத் தனிப்பெருங்கருணை நாள் என்று தமிழக அரசு அறிவித்தது. ஒரு நாள் கடையை மூடினால் முந்தின நாளே வாங்கி ஐஸ்பெட்டியில் வைத்துக்கொள்வார்கள் என்பதும் உண்மை. ஆணையால் புலாலை நிறுத்தலாம் என்று வள்ளலார் எங்கும் சொன்னதாகத் தெரியவில்லை. அவர் கேட்டது பதைக்கும் உயிரைக் கண்டு தானும் பதைக்கும் மனத்தை.

வடலூரில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. இப்போது தருமச்சாலையின் நிர்வாகம் தமிழ்நாடு அறநிலையத் துறையின் கையில் இருக்கிறது. வயலில் வேலை செய்துவிட்டு வருபவர், முதியவர், பேருந்து நிலையத்தில் படுத்து எழுந்தவர் என நாள்தோறும் வந்து உட்காருகிறார்கள். முந்தின நாள் வீட்டில் என்ன குழம்பு என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. உண்டு, கை கழுவி, சிலர் அப்படியே ஞானசபைப் பக்கம் நடக்கிறார்கள். வாசலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உள்ளே போவோரும் உண்டு, வெளியிலேயே நின்று கும்பிட்டுத் திரும்புவோரும் உண்டு.